பள்ளியில் சேர்த்த பிள்ளை ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன்; தவறாக இருந்தால் திருத்துங்கள். நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்திருக்கிறீர்கள். மாதாமாதம் கொஞ்சம் பணம் போட முடியும், வார இறுதியில் நேரமும் உண்டு. பக்கத்தில் கட்டட வேலை நடக்கிற இடத்தில், பள்ளி நேரத்தில் இரண்டு சிறுவர்கள் மணல் குவியலில் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறீர்கள். வசதியில்லாத பிள்ளைகள் ஆரம்பப் பள்ளிக்குப் போக ஏதாவது செய்யலாம் என்ற யோசனை அங்கேதான் தொடங்கியிருக்கிறது. பை, நோட்டு, சீருடை வாங்கித் தருவதா, சில பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவதா, நீங்களே ஒரு மாலை வகுப்பு தொடங்குவதா என்று மூன்றை வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளையைப் பள்ளிக்குப் போகவிடாமல் எது பிடித்து வைத்திருக்கிறது, வெளியாட்களான நம்மால் அதில் எதை விடுவிக்க முடியும்? இதற்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

பதினெட்டு ஆண்டுகளாக இதுதான் என் வேலை. முதல் ஏழு ஆண்டுகள் பள்ளி செல்லாத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் போய்ச் சேர்க்கும் களப்பணியாளராக இருந்தேன். அப்புறம் இணைப்பு வகுப்பு (பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்படுத்தும் வகுப்பு) நடத்துகிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பக்கம் வந்தேன். முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன், வெட்கம்தான். கல்வியாண்டின் தொடக்கத்தில் 41 பிள்ளைகளைச் சேர்த்தோம். ஊர்வலம், மாலை, புதுப் பை, புகைப்படம் எல்லாம் உண்டு. ஆறு மாதம் கழித்து அதே பள்ளிக்குப் போய் வகுப்பு வகுப்பாகத் தேடியபோது 16 பேர் இருந்தார்கள். மற்றவர்களின் பெயர் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வேலையைச் சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சேர்ப்பதற்கு முன்னால் அந்த 41 வீடுகளில் ஒன்றில்கூட "ஏன் இதுவரை போகவில்லை?" என்று உட்கார்ந்து கேட்கவில்லை. ஏழைகள், அதனால் போகவில்லை என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். பதில் அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் பையும் நோட்டும் போதுமானதாக இருந்திருக்கும்.

உலக அளவிலும் இதே கதைதான் பெரிதாக நடந்திருக்கிறது. யுனெஸ்கோ கணக்குப்படி, ஆரம்பப் பள்ளி வயதில் பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் 2000-ஆம் ஆண்டில் சுமார் 10 கோடி. பத்தே ஆண்டுகளுக்குள் அது 6 கோடிக்கு அருகில் இறங்கியது. அதன் பிறகு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிட்டது. முதலில் குறைந்த அந்த 4 கோடியில் பெரும் பகுதி கதவைத் திறந்ததால் வந்தவர்கள்: பள்ளி கட்டினார்கள், கட்டணத்தை எடுத்தார்கள், பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். மிச்சம் இருப்பவர்களுக்குக் கதவு திறந்திருப்பது மட்டும் போதவில்லை. ஒவ்வொருவரையும் வேறு வேறு முடிச்சு பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் பார்த்த இரண்டு சிறுவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகத்தான் இருப்பார்கள்.

கட்டணத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஒன்றில்தான் சந்தேகத்துக்கே இடமில்லை. மலாவி 1994-இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை எடுத்தபோது, ஒரே ஆண்டில் மாணவர் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்திலிருந்து 30 லட்சத்தை நெருங்கியது. கென்யா 2003-இல் அதைச் செய்தபோது 59 லட்சம் 72 லட்சமானது. அந்த அலையில்தான் கிமானி மருகே என்ற 84 வயது முதியவர், சிறு வயதில் கிடைக்காத படிப்பைத் தேடி 2004-இல் அங்கே முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தார். கட்டணம் என்பது எவ்வளவு பெரிய தடை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த நாடுகளிலேயே அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரே வகுப்பறையில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள், ஆசிரியர் போதவில்லை, உள்ளே வந்தவர்களில் நிறையப் பேர் சில வகுப்புகளுக்குள்ளேயே வெளியேறினார்கள். ஆகவே உங்கள் பகுதியில் இலவசப் பள்ளி இருக்கிறதென்றால், கட்டணம் கட்டுவது உங்கள் முதல் வேலையாக இருக்க வேண்டியதில்லை. இலவசம் என்று எழுதிப் போட்டிருக்கும் இடத்திலும் தேர்வுக் கட்டணம், காலணி, போக்குவரத்து என்று சில்லறைச் செலவுகள் இருக்கும். அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இவை அநேகமாகச் சிறிய தொகைதான், ஆனால் கேட்கும்போது கையில் இல்லையென்றால் அந்த வாரமே பிள்ளை நின்றுவிடும்.

பெரிய செலவு வேறு. அது பிள்ளையின் நேரம். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளையின் நேரத்துக்கு ஏழை வீட்டில் மதிப்பு உண்டு. அதை நாம் பார்ப்பதில்லை. வேலை என்றால் பட்டறையும் தொழிற்சாலையும்தான் நம் கண்முன் வரும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், உலகக் குழந்தைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் விவசாயத்தில், அதுவும் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தோடு இருந்தவர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: குழந்தைத் தொழிலில் இருக்கும் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் 28 சதவீதம் பேர் பள்ளிக்கு வெளியே. அப்படியானால் மீதி 72 சதவீதம் பேர்? அவர்கள் பள்ளியிலும் இருக்கிறார்கள், வேலையிலும் இருக்கிறார்கள். விடியலில் எழுந்து வேலை செய்துவிட்டு வந்து மூன்றாவது பாடவேளையில் தூங்கி விழுகிற பிள்ளை அந்தக் கணக்கில் 'பள்ளி செல்பவர்'. படிப்பில் மந்தம் என்று ஆசிரியர் குறித்து வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் உண்மையில் தூக்கம் போதாதவர்கள்.

இதற்கெல்லாம் மேலாக, கூலி இல்லாத, யாரும் வேலை என்றே சொல்லாத ஒன்று உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை மூன்று முறை பள்ளியில் சேர்த்தேன். மூன்று முறையும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. நான்காவது முறை கோபமாகத்தான் போனேன். நாங்கள் கொடுத்த பை சுவரில் மாட்டியிருந்தது. உள்ளே கைக்குழந்தையின் துணிகளும் பால் புட்டியும். அம்மா வேலைக்குப் போகும் எட்டு மணி நேரமும் பத்து மாதக் குழந்தைக்கு இவள்தான் அம்மா. அவளுக்குத் தேவைப்பட்டது பையோ நோட்டோ இல்லை. அந்தக் குழந்தையை வைத்துக்கொள்ள ஓர் இடம். அந்தக் குடியிருப்பிலேயே வயதான ஒரு பெண்மணியிடம் பேசி, ஒரு அறை பிடித்து, அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, ஆறு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். அந்த ஓர் ஏற்பாட்டில் நான்கு அக்காக்கள் பள்ளிக்குப் போனார்கள். கல்விக்கு என்று ஒதுக்கிய பணத்தை இப்படிச் செலவழித்ததற்கு எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்டார்கள், அது தனிக் கதை. உங்கள் ஏழு பேரின் பணத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது.

தூரம் இன்னொன்று. வரைபடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் என்பது ஒன்றுமில்லை. ஏழு வயதுப் பிள்ளை தனியாகப் பெரிய சாலையைக் கடக்க வேண்டும் என்றால் அது ஒரு நாடு தள்ளி இருப்பது போல. ஆப்கானிஸ்தானில் கோர் மாகாணத்தில் 31 கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. சில கிராமங்களுக்குள்ளேயே சிறு பள்ளிகளைத் தொடங்கி, தொடங்காத கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். பெண் குழந்தைகளின் சேர்க்கை 52 சதவீதப் புள்ளிகள் கூடியது. சேர்க்கையில் ஆண், பெண் இடைவெளியே மறைந்துவிட்டது. பெண்ணைப் படிக்க வைக்க மாட்டார்கள், அது அவர்கள் வழக்கம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அதில் எவ்வளவு பங்கு வழக்கம், எவ்வளவு பங்கு தூரமும் பயமும் என்று அதைப் படித்த பிறகு நான் மறுபடி யோசித்தேன். நீங்கள் பள்ளி கட்டப் போவதில்லை, சரி. ஆனால் காலையில் பத்துப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு நடந்து போக, அந்தப் பகுதியிலேயே ஒரு தாய்க்குச் சிறு தொகை கொடுத்து ஏற்பாடு செய்ய முடியும். வண்டி வாங்குவதைவிட இது மலிவு. பிள்ளை வரவில்லை என்பதும் அன்று காலையே தெரிந்துவிடும்.

ஆவணங்கள் விஷயத்தில் வெளியாள் ஒருவரின் உதவி மிக விரைவாகப் பலன் தரும். யுனிசெஃப் 2019-இல் சொன்ன கணக்கில், உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒருவரின் பிறப்பு பதிவாகவே இல்லை, சுமார் 16.6 கோடி பேர். இடம் மாறி மாறி வேலைக்குப் போகும் குடும்பங்களில் இது இன்னும் மோசம். பிறப்புச் சான்று இல்லை, முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்று இல்லை, முகவரிக்கு அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய், இரண்டாவது முறை அந்தப் படியை ஏற மாட்டார். தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 26-ஆவது பிரிவில் சொல்கிறது. 1989-இல் வந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்காவைத் தவிர எல்லாமே அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தவை. அதனால் பல நாடுகளின் சட்டத்தில், காகிதம் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று இருக்கும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு நகல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் தலைமை ஆசிரியர் மேசையில் தூக்கிப் போட்டுப் பேசாதீர்கள். "இப்போதைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், காகிதத்தை மூன்று மாதத்தில் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லி, சொன்னபடி வாங்கியும் கொடுத்தால், அடுத்த பிள்ளைக்கு அவரே கதவைத் திறப்பார். போகும்போது தாயை அழைத்துக்கொண்டு போங்கள், அவரைப் பேச விடுங்கள். நீங்களே பேசி முடித்துவிட்டால், நீங்கள் இல்லாத நாளில் அவர் மறுபடி வாசலிலேயே நிற்பார்.

பணமாகக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய புரோகிரேசா திட்டம் ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுத்தது. பிள்ளை 85 சதவீத நாட்களாவது பள்ளிக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. உலகம் முழுவதும் பல நாடுகள் அதைப் பார்த்துச் செய்தன. அதைப் புகழ்கிறவர்கள் பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: ஆரம்பப் பள்ளியில் அதன் விளைவு சிறியது, ஏனென்றால் அங்கே ஏற்கெனவே பெரும்பாலானோர் சேர்ந்திருந்தார்கள், பெரிய மாற்றம் அதற்கு மேல் வகுப்புகளில்தான். மொராக்கோவில் பிறகு ஒரு சோதனை செய்தார்கள். நிபந்தனை எதுவும் இல்லாமல், "இது பிள்ளையின் படிப்புக்கு" என்று சொல்லி மட்டும் ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். இடைநிற்றல் நன்றாகக் குறைந்தது. நிபந்தனை போட்ட இடங்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. தாயிடம் கொடுத்தாலும் தந்தையிடம் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஏழைப் பெற்றோரைக் கண்காணிக்கச் செலவழிக்கிற சக்தியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்று நினைப்பவர்கள், அவர்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை.

இப்போது உங்கள் பை, நோட்டு, சீருடை. கொடுங்கள், தவறில்லை. சீருடை இல்லாத பிள்ளை கூசுவது உண்மை. ஆனால் அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கென்யாவின் கிராமப் பள்ளிகளில் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், சராசரி மதிப்பெண் உயரவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போனார்கள். காரணம், புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி, வாசிக்கவே தெரியவில்லை. பெருவில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோதும், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. பொருளை வாங்குவது நமக்குச் சுலபம், படமும் நன்றாக வரும், அதனால்தான் அங்கே போய் நிற்கிறோம். படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும்: கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுக்காதீர்கள். எங்கள் முதல் ஆண்டு ஊர்வலப் படம் ஒன்று அந்தப் பள்ளிச் சுவரில் வெகுநாள் தொங்கியது. அதில் இருந்த பையன் ஒருவனை மற்ற பிள்ளைகள் 'தானப் பை' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் பள்ளியை விட்டு நின்ற காரணங்களில் அதுவும் ஒன்று என்று பின்னால்தான் தெரிந்தது.

மாலை வகுப்பு பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே தெரியாத பெரிய தடை அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கு வந்தும் புரியாமல் உட்கார்ந்திருப்பது. உலக வங்கி 2019-இல் சொன்ன கணக்கு: குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேரால் ஓர் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, அது 70 சதவீதம் இருக்கும் என்று 2022-இல் மதிப்பிட்டார்கள். நாள் முழுக்கப் புரியாத ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் நாம் மறந்துவிட்டோம். அதிலும் தாமதமாகச் சேரும் பத்து வயதுப் பையனை ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கத்தில் ஓடுவான்; வயதுக்கேற்ற ஐந்தாம் வகுப்பில் வைத்தால் ஒன்றும் புரியாமல் ஓடுவான். வீட்டு மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்றால் இன்னும் கஷ்டம். தனக்குப் புரிகிற மொழியில் கல்வி கிடைக்காதவர்கள் உலக மக்களில் 40 சதவீதம் வரை இருக்கலாம் என்று யுனெஸ்கோ 2016-இல் சொன்னது.

இதற்கு வழி இருக்கிறது, சோதித்துப் பார்த்த வழி. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 1985-இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு தொடங்கியது. ஒரு அறை, உள்ளூர்ப் பெண் ஒருவர் ஆசிரியர், முப்பது சொச்சம் பிள்ளைகள், ஒரு நாளைக்குச் சில மணி நேரம், வேலை நேரத்துக்கு இடிக்காத பொழுது. எட்டு வயதுக்கு மேல் ஆகியும் பள்ளிக்கே போகாத, அல்லது போய் நின்றுவிட்ட பிள்ளைகள்தான் அதில் பெரும்பாலும். அதே ஆசிரியர் அதே குழுவோடு ஆண்டுக்கணக்கில் இருப்பார். பின்னால் அது 30,000 பள்ளிகளுக்கு மேல் வளர்ந்தது. இந்தியாவில் பிரதம் அமைப்பு செய்தது வேறு மாதிரி: வகுப்பையும் வயதையும் பார்க்காமல், எழுத்து தெரிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று இருக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்து, அங்கிருந்து கற்றுக்கொடுப்பது. பல மாநிலங்களில் முறையாகச் சோதித்து, வாசிப்பு உயர்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். அப்படிச் சோதித்த பொருளியலாளர்களில் பானர்ஜியும் டுஃப்லோவும் 2019-இல் நோபல் பெற்ற மூவரில் இருவர்.

ஆனால் இதே வரிசையில் உங்களைப் போன்ற தன்னார்வலர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு முடிவும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூரில், பள்ளி நேரத்துக்கு வெளியே ஊர் இளைஞர்கள் வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். வந்தவர்கள்தான் கொஞ்சம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே வரவில்லை. என் அனுபவமும் அச்சு அசல் இதுவே. மாலை வகுப்பு என்று போர்டு மாட்டினால், ஏற்கெனவே பள்ளிக்குப் போகிற, சுமாராகப் படிக்கிற பிள்ளைகளால் அறை நிரம்பிவிடும். நமக்கும் சந்தோஷமாக இருக்கும். யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் மணல் குவியலிலேயே இருப்பார்கள். ஆகவே வகுப்பு நடத்துவதென்றால், பெயர் குறித்து வைத்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும், அவர்கள் இருக்கும் இடத்திலேயே, ஒரு முடிவு தேதியோடு நடத்துங்கள். ஆறு மாதத்தில் இவர்கள் இந்தப் பள்ளியின் இந்த வகுப்புக்குள் போக வேண்டும் என்று முதல் நாளே அந்தப் பள்ளி ஆசிரியரோடு பேசி வையுங்கள். வார இறுதி மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு நான்கு நாளாவது வேண்டும்; அதற்கு உள்ளூர் இளம் பெண் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி கொடுங்கள். நீங்கள் ஏழு பேரும் முறை வைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட அது நன்றாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரே முகம் வேண்டும்.

இதுவரை சொன்னவற்றை ஓரளவு திடமாகச் சொல்ல முடியும். சர்ச்சைக்கு உரியவையும் உண்டு. குடற்புழு மாத்திரை கொடுத்தால் பள்ளி வருகை கூடும் என்பது பிரபலம். மேற்குக் கென்யாவில் 75 பள்ளிகளில் செய்து 2004-இல் வெளியான ஆய்வு, பள்ளிக்கு வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது என்றது. 2015-இல் லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, அந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. உடல்நலத்துக்காக மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம், வருகைக்காக என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். பள்ளியில் ஒரு வேளை உணவு தருவது பிள்ளைகளை வரவழைக்கும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது அரசும் பெரிய அமைப்புகளும் செய்ய வேண்டிய அளவிலான காரியம், ஏழு பேர் தொடங்கி மூன்று மாதத்தில் நிறுத்தினால் தீங்குதான். அப்புறம், தனித்தனிப் பிள்ளையைத் தத்தெடுத்தது போலப் பணம் கட்டிப் படிக்க வைப்பது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை 'பணம் வருகிற பிள்ளை' ஆகிவிடுவதையும், நன்கொடையாளர் வேறு ஊருக்குப் போனதும் கட்டணப் பள்ளியில் நடு ஆண்டில் பிள்ளை நிற்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நியாயமாகச் சொன்னால், ஆறு நாடுகளில் செய்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்படி ஆதரவு பெற்ற பிள்ளைகள் ஒரு ஆண்டுக்கும் கூடுதலாகப் படித்தார்கள் என்று காட்டுகிறது. பல ஆண்டுகள் விடாமல் நடத்திய பெரிய அமைப்பு அது. நீங்களும் அப்படிப் பத்து ஆண்டுகள் இருப்பீர்கள் என்றால் என் சந்தேகத்தை ஒதுக்கிவிடலாம்.

ஆசிரியர்கள் சரியில்லை என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஆறு நாடுகளில் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை என்பது உண்மைதான். அதைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை. மீதி 81 சதவீதத்தில் ஒருவரை நண்பராக்கிக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. நான் சேர்த்துக் கடைசி வரை நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னால் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தார், ஒரு விதிவிலக்கு இல்லாமல்.

நடைமுறைக்கு வருகிறேன். முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, இருபது குடும்பங்களோடு பேசுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: வயது, வீட்டு மொழி, இதற்கு முன் பள்ளிக்குப் போனதுண்டா, ஏன் நின்றது, வீட்டில் கைக்குழந்தை உண்டா, காகிதம் என்ன இருக்கிறது, இந்த இடத்தில் இன்னும் எத்தனை மாதம் இருப்பார்கள். காரணத்தைத் தாயிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், இரண்டு பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள். பிறகு ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் வீதம் பொறுப்பெடுங்கள். பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால் அந்த வீட்டுக்கு அன்றே ஒருவர் போக வேண்டும். மூன்று நாளில் போனால் காய்ச்சல், செருப்பு, சண்டை என்று சிறிய காரணம்தான் இருக்கும், அன்றே தீரும். மூன்று வாரம் கழித்துப் போனால் பிள்ளை ஏதாவது வேலையில் இருக்கும். எங்கள் இரண்டாம் ஆண்டில் 38 பேரைச் சேர்த்து ஆண்டு முடிவில் 31 பேர் இருந்தார்கள். முதல் ஆண்டைவிடக் குறைவாகத்தான் செலவு செய்தோம். மாறியது ஏறக்குறைய இந்த மூன்று நாள் விதி ஒன்றுதான்.

என் அறிவு எட்டாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். போர்ச்சூழலிலோ அகதி முகாமிலோ நான் வேலை செய்ததில்லை. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 49 சதவீதம் அதிகம் என்று யுனிசெஃப் 2021-இல் சொன்னது. அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால், நல்லெண்ணத்தில் நீங்களே சொல்லிக்கொடுக்க இறங்காமல் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் ஒருவரைத் தேடுங்கள், நானும் அதைத்தான் செய்வேன். பிள்ளையை யாராவது அடைத்துவைத்தோ கடனுக்காகவோ வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் முதலாளியிடம் போய் நீங்களே வாதிடாதீர்கள்; இரவோடு இரவாகக் குடும்பத்தையே இடம் மாற்றிவிடுவார்கள். குழந்தைகள் உதவி எண்ணையோ அதற்கான அதிகாரியையோ முதலில் அழையுங்கள். உங்கள் குழுவில் யாரும், எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், பிள்ளைகளோடு தனியாக ஓர் அறையில் இருக்க வேண்டாம். எப்போதும் இரண்டு பெரியவர்கள். இந்த விதியை எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போடுங்கள். யாராவது முகம் சுளித்தால் அவரைப் பணம் மட்டும் தரச் சொல்லுங்கள்.

அந்த மணல் குவியல் சிறுவர்கள். கட்டட வேலைக் குடும்பம் என்றால் சில மாதங்களில் வேறு இடத்துக்குப் போய்விடக்கூடும், ஆகவே இவர்கள் விஷயத்தில் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். வேலை முடிகிற நேரம் பார்த்துப் போய், மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர்களின் பெற்றோரோடு பேசுங்கள். முன்பு எங்கே படித்தார்கள், அடுத்து எந்த ஊருக்குப் போவார்கள் என்று கேளுங்கள். பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால், கிளம்பும் நாளில் மாற்றுச் சான்றும், எந்த அளவு வாசிக்கிறார்கள் என்று ஆசிரியர் கையால் எழுதிய ஒரு தாளும் அந்தப் பெற்றோர் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஊரில் மறுபடி முதலிலிருந்து. அவர்களுக்குத் தம்பியோ தங்கையோ இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். பேசிவிட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதினால், மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.